திருச்சியா, சென்னையா? சிங்கப்பூர் ஃப்ளைட் தூரமும் நிஜமான பயண நேரமும் - முதல் தடவை போறவங்களுக்கு

சிங்கப்பூருக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு யாரைக் கேட்டாலும் "நாலு மணி நேரம்தான், கண்ணை மூடித் திறந்தா சாங்கி ஏர்போர்ட்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. அந்த நாலு மணி நேரத்தை நம்பி பிளான் போட்டா தஞ்சாவூர்லயோ புதுக்கோட்டைலயோ இருக்கறவங்க பாடு திண்டாட்டம்தான். எங்க வீட்ல பெரியவங்களை முதல் தடவை அனுப்பறப்ப ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க, ஏஜென்ட் ஒண்ணு சொல்றார், சொந்தக்காரர் ஒண்ணு சொல்றார், டிக்கெட்ல வேற ஒண்ணு போட்டிருக்கு. எல்லாத்தையும் உக்காந்து சரிபார்த்து முடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அதான் வரிசையா எழுதிடறேன், நீங்களாவது அலையாம போய்ட்டு வாங்க.

1. முதல்ல வானத்து தூரத்தைப் பாருங்க, ஆனா அதுக்கு ரொம்ப மரியாதை குடுக்காதீங்க

தமிழ்நாட்ல சிங்கப்பூருக்கு நேர் ஃப்ளைட் இருக்கற ஊர் நாலு: சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர். நேர்கோட்டு தூரம்னு பார்த்தா (உருண்டையான பூமி மேல ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற குறைஞ்ச தூரம்) சென்னைலேர்ந்து சுமார் 2,925 கிமீ, திருச்சிலேர்ந்து சுமார் 2,980, மதுரைலேர்ந்து சுமார் 3,015, கோயம்புத்தூர்லேர்ந்து சுமார் 3,165.

கவனிச்சீங்களா, சென்னைக்கும் திருச்சிக்கும் வித்தியாசம் வெறும் 55 கிமீ. விமானம் மேல ஏறி ஒரு நிலைக்கு வந்ததும் மணிக்கு 850 கிமீ பக்கம் போகும், அந்த வேகத்துல 55 கிமீங்கறது நாலே நிமிஷம். கோயம்புத்தூர்கூட சென்னையை விட ஒரு பதினேழு நிமிஷம்தான் அதிகம். அதனால "சென்னைதான் கிட்ட, அங்கேர்ந்து போனா சீக்கிரம் போயிடலாம்"னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு விட்டுடுங்க. நேரத்தை முழுங்கறது வானம் இல்ல, உங்க வீட்டு வாசல்லேர்ந்து ஏர்போர்ட் வரைக்கும் இருக்கற ரோடுதான்.

இன்னொண்ணு, விமானம் அந்த நேர்கோட்டுலயே போகாது. வங்காள விரிகுடா தாண்டி, மலாக்கா ஜலசந்தி பக்கமா இறங்கற பாதைல அவங்களுக்குன்னு குறிச்ச வழி இருக்கு, இறங்கறதுக்கு முன்னாடி சில சமயம் ஒரு சுத்து சுத்த விடுவாங்க. ஆப்ல பார்க்கற தூரத்தை விட கொஞ்சம் கூடத்தான் பறக்கும்.

2. டிக்கெட்ல போட்ட நேரம் எதைக் குறிக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

2,925-ஐ 850-ஆல வகுத்தா மூணரை மணி நேரம்தானே வருது, டிக்கெட்ல ஏன் நாலேகால், நாலரைன்னு போட்டிருக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. டிக்கெட்ல இருக்கறது பறக்கற நேரம் மட்டும் இல்ல. இங்க கேட்டை விட்டு வண்டி நகர ஆரம்பிக்கறதுலேர்ந்து அங்க கேட்ல போய் நிக்கற வரைக்கும் உள்ள நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசைல நிக்கறது, மெதுவா ஏறி இறங்கறது எல்லாம் அதுக்குள்ள அடக்கம். போதாததுக்கு கம்பெனிக்காரங்க லேட் ஆகக்கூடாதுன்னு கொஞ்சம் கூடுதலாவும் சேர்த்துப்பாங்க.

நிஜமா எவ்ளோ நேரம் பறக்குதுன்னு தெரியணும்னா ஃப்ளைட்ராடார்24 வெப்சைட்ல உங்க ஃப்ளைட் நம்பரைப் போடுங்க. கடைசி ஒரு வாரத்துக்கு என்னிக்கு எத்தனை மணிக்கு கிளம்புச்சு, எப்ப இறங்குச்சுன்னு இலவசமாவே காட்டும். புக் பண்றதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. ஒரு வாரத்துல நாலு நாள் ஒரு மணி நேரம் லேட்டா கிளம்பியிருந்தா உங்களுக்கும் அதேதான் நடக்கும்.

காத்தும் ஒரு விஷயம். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேல ரொம்ப உயரத்துல கிழக்குலேர்ந்து மேற்கா பலமா அடிக்கும், அப்ப போறப்ப எதிர்காத்து, திரும்பறப்ப முதுகுல தள்ளற காத்து. சில நிமிஷ வித்தியாசம்தான், பதட்டப்பட ஒண்ணுமில்ல.

3. ரெண்டரை மணி நேரக் கணக்கு

இதுலதான் பெரும்பாலான குழப்பம். சிங்கப்பூர் நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. டிக்கெட்ல கிளம்பற நேரம் கிளம்பற ஊர் கடிகாரப்படி இருக்கும், சேர்ற நேரம் சேர்ற ஊர் கடிகாரப்படி இருக்கும். ரெண்டையும் அப்படியே கழிச்சா தப்பான பதில்தான் வரும்.

உதாரணத்துக்கு இங்க இரவு 11.15-க்கு கிளம்பி 4 மணி 20 நிமிஷம் போனா நம்ம நேரம் விடிகாலை 3.35. ஆனா டிக்கெட்ல 6.05-னு இருக்கும். பார்க்கறவங்க "ஏழு மணி நேரமா?"ன்னு பயந்துடுவாங்க. திரும்பி வர்றப்ப உல்டா: அங்க இரவு 8.00-க்கு கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்து வந்தா இங்க இரவு 9.45-க்கு இறங்கறதா போட்டிருக்கும், ஒண்ணே முக்கா மணி நேரத்துல வந்துட்ட மாதிரி. போறப்ப ரெண்டரையைக் கழிங்க, வர்றப்ப ரெண்டரையைக் கூட்டுங்க, நிஜமான பயண நேரம் கிடைச்சுடும்.

தேதி விஷயம் இதை விட ஆபத்து. ஃப்ளைட் 15-ஆம் தேதி 00.30-னு போட்டிருந்தா நீங்க ஏர்போர்ட்ல இருக்க வேண்டியது 14-ஆம் தேதி ராத்திரி. 15-ஆம் தேதி ராத்திரி சாவகாசமா பெட்டியைத் தூக்கிட்டு போனா ஃப்ளைட் போய் ஒரு நாள் ஆயிருக்கும், டிக்கெட் காசு போச்சு. டிக்கெட் கைக்கு வந்த உடனே காலண்டர்ல "14 ராத்திரி 9 மணிக்கு ஏர்போர்ட்"னு எழுதிடுங்க, 15-னு எங்கயும் எழுதாதீங்க. ஹோட்டல் புக்கிங்கும் இதைப் பார்த்துதான். நம்ம ஊர்ல 14-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு கிளம்பினா அங்க சேர்றது 15 காலைல, ரூம் பெரும்பாலும் மத்தியானம்தான் குடுப்பாங்க. பெட்டியை மட்டும் ரிசப்ஷன்ல வெச்சுட்டு போகலாமான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

4. எந்த ஏர்போர்ட்னு வீட்டு வாசல்லேர்ந்து கணக்குப் போட்டு முடிவு பண்ணுங்க

தஞ்சாவூரையே எடுத்துக்குவோம். திருச்சி ஏர்போர்ட் அறுபது கிமீக்குள்ள, ஒண்ணேகால் மணி நேரம் போதும். இரவு 11.15 ஃப்ளைட்னா சாயங்காலம் ஆறரைக்கு கிளம்பினா எட்டு மணிக்கு அங்க இருக்கலாம். மறுநாள் அவங்க நேரம் 6.05-க்கு இறங்கி, இமிக்ரேஷன், பெட்டி, ரயில்னு லிட்டில் இந்தியா (அங்க நம்ம கடைங்க நிறைய இருக்கற பகுதி) போய்ச் சேர எட்டு மணி, அதாவது நம்ம நேரம் காலை அஞ்சரை. மொத்தம் 11 மணி நேரம். இதே நேரத்து ஃப்ளைட்டை சென்னைலேர்ந்து பிடிக்கணும்னா மத்தியானம் பன்னெண்டுக்காவது வீட்டை விட்டு கிளம்பணும், மொத்தம் பதினேழு பதினெட்டு மணி நேரம் ஆயிடும். நாலு நிமிஷம் மிச்சம் பண்றேன்னு ஆறு மணி நேரம் செலவு பண்ற கணக்கு இது.

ஆனா டிக்கெட் விலையும் பார்க்கணும்ல. சென்னைலேர்ந்து சர்வீஸ் அதிகம், அதனால சில நாள் விலை நல்லாவே குறையும். அந்த வித்தியாசத்துலேர்ந்து சென்னை வரைக்கும் ரயில் டிக்கெட், சாப்பாடு, ஆட்டோ எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க, வயசானவங்க கூட வந்தா அவங்க அசதிக்கும் ஒரு விலை போட்டுக்கோங்க. குடும்பமா நாலு பேர்னா சென்னை கட்டுபடியாகலாம், தனி ஆளுக்கு பெரும்பாலும் ஆகாது. திருச்சில 2024-ல திறந்த புது டெர்மினல் நல்ல விசாலமா இருக்கு, பழைய இட நெருக்கடி இப்ப இல்ல.

சென்னைதான்னு முடிவாயிட்டா ஒண்ணு நினைவு வெச்சுக்கோங்க: தெற்கேர்ந்து வர்ற ரயில்ல எழும்பூர் வரைக்கும் போகாதீங்க. தாம்பரத்துல நிக்கற ரயிலா பார்த்து அங்கயே இறங்கி, எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு திரிசூலம் இறங்குங்க. நாலாவது ஸ்டேஷன், கால் மணி நேரம், ஏர்போர்ட் ரோட்டுக்கு எதிர்லயே இருக்கு. பஸ்ல வந்தா கிளாம்பாக்கத்துல இறக்கி விடுவாங்க, அங்கேர்ந்து ஏர்போர்ட் பதினெட்டு கிமீ பக்கம், சாயங்கால டிராஃபிக்ல ஜிஎஸ்டி ரோட்ல எவ்ளோ நேரம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஒன்றரை மணி நேரம் தனியா ஒதுக்கிடுங்க. சென்ட்ரல் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு மெட்ரோ நேரா ஏர்போர்ட் வரைக்கும் வருது, ஆனா ராத்திரி 11-க்கு மேல கிடையாதுங்கறதால நடுராத்திரி ஃப்ளைட்காரங்க முன்கூட்டியே வந்து உக்காந்துக்கறதுதான் வழி.

நவம்பர், டிசம்பர்ல சென்னைலேர்ந்து போறதா இருந்தா வானிலை அறிக்கை பாருங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்பவும், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் அப்பவும் ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. அந்த மாசங்கள்ல போய் இறங்கின அன்னிக்கே கல்யாணம், இன்டர்வியூன்னு வெச்சுக்காதீங்க, ஒரு நாள் இடைவெளி விடுங்க.

5. மலிவுன்னு சுத்து வழி எடுக்கறதுக்கு முன்னாடி

கொழும்பு வழியா, கோலாலம்பூர் வழியான்னு தேடினா விலை குறைவா வரும். தூரம் பார்த்தா பெருசா கூடலன்னுதான் தோணும், நடுவுல காத்திருக்கற நேரம்தான் எட்டு மணி, பன்னெண்டு மணின்னு இழுத்துடும். ஒரே பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்ல) ரெண்டு ஃப்ளைட்டும் இருந்தா பரவால்ல, முதல் ஃப்ளைட் லேட் ஆனா அடுத்ததுல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பெட்டியும் பெரும்பாலும் நேரா போயிடும். தனித்தனியா வாங்கின டிக்கெட்னா நடு ஊர்ல இறங்கி, பெட்டி எடுத்து, திரும்ப செக்-இன் பண்ணணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள போற அனுமதியும் வேணும். முதல் தடவை போறவங்க இந்த விஷப்பரீட்சைக்கே போகாதீங்க.

சிங்கப்பூர் வழியா ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போறவங்களுக்கும் இதே கதைதான். தனி டிக்கெட்னா நடுவுல நாலு மணி நேரமாவது விட்டு புக் பண்ணுங்க, சிங்கப்பூர் விசா வேணுமான்னு ரெண்டு கம்பெனியையும் கேளுங்க.

6. பேப்பர் வேலை, இதுக்கும் நேரக் கணக்கு உண்டு

பாஸ்போர்ட் போற தேதிலேர்ந்து குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடியாகணும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். அங்கீகாரம் உள்ள விசா ஏஜென்ட் வழியா போடலாம், இல்லன்னா அங்க இருக்கற சிட்டிசன் அல்லது பிஆர் (நிரந்தரமா தங்க அனுமதி உள்ள) சொந்தக்காரங்க ஆன்லைன்ல போட்டுக் குடுக்கலாம். ஃபார்ம் 14ஏ (விசா விண்ணப்பம்), வெள்ளை பின்னணில சமீபத்து ஃபோட்டோ, டிக்கெட், தங்கற இடத்து விவரம். கவர்மென்ட் ஃபீஸ் 30 சிங்கப்பூர் டாலர், கிடைக்கலன்னாலும் திருப்பித் தர மாட்டாங்க. அதுக்கு மேல ஏஜென்ட் வாங்கறது அவர் சர்வீஸ் சார்ஜ், ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் மாறும், ரெண்டு மூணு இடத்துல கேட்டுட்டு குடுங்க. போற தேதிக்கு முப்பது நாளுக்குள்ளதான் அப்ளை பண்ணச் சொல்றாங்க, ரொம்ப முன்னாடி ஓடாதீங்க. சீக்கிரமே வந்துடும்னு சொல்லுவாங்க, நீங்க பத்து நாளாவது கைல வெச்சுக்கோங்க.

பேர் விஷயத்துல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும், பேர் மட்டும் இருக்கும், டிக்கெட் புக் பண்ற இடத்துல சர்நேம் போடாம விடமாட்டேங்கும். சில கம்பெனி அதே பேரை ரெண்டு இடத்துலயும் போடச் சொல்லும், சிலது வேற மாதிரி சொல்லும். இஷ்டத்துக்கு அப்பா பேரையோ இனிஷியலையோ போட்டுடாதீங்க, அவங்க வெப்சைட்ல என்ன சொல்லியிருக்குன்னு பார்த்துட்டு போடுங்க. அப்புறம் திருத்தணும்னா காசும் போகும், கவுன்டர்ல நேரமும் போகும்.

எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூருக்குள்ள போறதுக்கு நிரப்பற ஆன்லைன் படிவம்): இறங்கற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். சிங்கப்பூர் இமிக்ரேஷனோட சொந்த வெப்சைட் இல்லன்னா அவங்களோட மைஐசிஏ ஆப், ரெண்டுலதான் போடணும், முழுக்க இலவசம். கூகுள்ல தேடினா மேலயே காசு கேக்கற டுபாக்கூர் சைட்டெல்லாம் வரும், கார்டு நம்பர் கேட்டாலே மூடிட்டு வெளிய வந்துடுங்க. இது விசாவுக்கு பதில் கிடையாது, ரெண்டும் வேணும்.

7. கிளம்பற நாள் நேரத்தைப் பின்னாடிலேர்ந்து எண்ணுங்க

செக்-இன் கவுன்டர் பொதுவா ஃப்ளைட் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடும், போர்டிங் கேட் இருபது இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி. 11.15 ஃப்ளைட்னா 10.15-க்கு கவுன்டர் முன்னாடி நிக்கறது பத்தாது, அப்ப உங்க வேலை முடிஞ்சிருக்கணும். மூணு மணி நேரம் முன்னாடி வாசல்ல இருங்க, வாசல்லயே சிஐஎஸ்எஃப் (ஏர்போர்ட் பாதுகாப்புப் படை) பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்துட்டுதான் உள்ள விடுவாங்க. ஆன்லைன் செக்-இன் பண்ணிட்டாலும் பெட்டி போட வரிசை உண்டு, அப்புறம் இமிக்ரேஷன், அப்புறம் செக்யூரிட்டி. ராத்திரி நேரத்துல நாலஞ்சு ஃப்ளைட் சேர்ந்தாப்ல கிளம்பும், இமிக்ரேஷன் வரிசை அப்பதான் நீளும்.

பெட்டியை வீட்லயே எடை போட்டுடுங்க. மலிவு டிக்கெட்ல பல சமயம் கைப்பை 7 கிலோ மட்டும்தான் சேர்த்தி, செக்-இன் பெட்டிக்குத் தனி காசு, அதை டிக்கெட் எடுக்கறப்பவே வாங்கினா ஒரு விலை, கவுன்டர்ல வாங்கினா தலை சுத்தற விலை. பவர் பேங்க் கைப்பைலதான், பெரிய பெட்டிக்குள்ள போட்டா திறக்கச் சொல்லிக் கூப்பிடுவாங்க, அதுல அரை மணி நேரம் போச்சு. சில கம்பெனில ஃப்ளைட்டுக்குள்ள பவர் பேங்க்ல சார்ஜ் போடவே கூடாது. அதனால ஃபோனை முழுசா சார்ஜ் பண்ணிட்டு ஏறுங்க, விசா, ஹோட்டல் பேப்பர் ஒரு பிரிண்ட் கைல இருக்கட்டும்.

லேட் ஆனா? இந்திய விதிப்படி ரெண்டரைலேர்ந்து அஞ்சு மணி நேரத்துக்குள்ள இருக்கற பயணம்னா மூணு மணி நேரத்துக்கு மேல தாமதமானா சாப்பாடோ டிபனோ தரணும். சிங்கப்பூர் பயணம் அதுக்குள்ளதான் வருது. கேட்டாத்தான் கிடைக்கும், கேளுங்க.

8. இறங்கின பிறகு

சாங்கில நடக்கற தூரம் அதிகம், முட்டி வலி உள்ளவங்களுக்கு டிக்கெட் புக் பண்றப்பவே வீல்சேர் சொல்லிடுங்க. இமிக்ரேஷன் இப்ப பெரும்பாலும் மெஷின்தான், வேகமா முடியும். ஆனாலும் பெட்டியோட சேர்த்து ஒரு மணி நேரம் வெச்சுக்கிட்டா நிம்மதி.

ராத்திரி 12-லேர்ந்து காலை 6 வரைக்கும் டாக்ஸில மீட்டர் மேல பாதி அளவு கூடுதல் சார்ஜ், ஏர்போர்ட் சார்ஜ் அதுக்கு மேல தனி. அஞ்சு மணிக்கு இறங்கற ஃப்ளைட்னா அவசரப்பட்டு டாக்ஸி ஏறாம ஒரு காபி குடிச்சுட்டு எம்ஆர்டி (அந்த ஊர் மெட்ரோ ரயில்) பிடிங்க, அது அஞ்சரைக்கு மேல ஓட ஆரம்பிக்கும், ஞாயித்துக்கிழமை இன்னும் கொஞ்சம் லேட்டா. லிட்டில் இந்தியா போறவங்க எக்ஸ்போ ஸ்டேஷன்ல மாறி டவுன்டவுன் லைன் ஏறினா நேரா கொண்டு போய் விட்டுடும், முக்கா மணி நேரம் பக்கம். நம்ம பேங்க் கார்டையே கேட்ல தட்டிட்டு போகலாம், வெளிநாட்டு கார்டுக்கு பயணம் பண்ற ஒவ்வொரு நாளும் 60 காசு (அவங்க காசு) கூட பிடிப்பாங்க.

9. திரும்பி வர்றப்ப

ஒரே கடைல 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல வாங்கினா 9 சதவீத ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும், ஆனா பொருளைப் பெட்டில போட்டு செக்-இன் பண்றதுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல வரியைத் திரும்பக் கேக்கறதுக்குன்னு இருக்கற மெஷின்ல அந்த வேலையை முடிக்கணும். சில சமயம் பொருளைக் காட்டச் சொல்லுவாங்க. இதுக்குன்னு அரை மணி நேரம் கூட வெச்சு மூணரை மணி நேரம் முன்னாடி சாங்கில இருங்க.

சென்னைல இரவு 9.45-க்கு இறங்கறதா டிக்கெட்ல இருந்தா அதே ராத்திரி தாம்பரத்துலேர்ந்து ஊருக்கு ரயில் புக் பண்ணலாமான்னு ஆசை வரும். பதினொண்ணே முக்காலுக்கு முன்னாடி கிளம்பற ரயிலா இருந்தா வேணாம். இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் முடிச்சு வெளிய வரவே பதினொண்ணு ஆயிடும், ஃப்ளைட் அரை மணி நேரம் லேட் ஆனாலே ரயில் காசு போச்சு. திருச்சில இறங்கறவங்களுக்கு இந்தக் கவலை கம்மி. புதுக்கோட்டை ரோட்லயே ஏர்போர்ட் இருக்கறதால புதுக்கோட்டை, காரைக்குடி பக்கம் போறவங்க ஊருக்குள்ளயே போக வேண்டாம். நடுராத்திரி இறங்கினா மட்டும் வண்டியை முன்னாடியே பேசி வெச்சுடுங்க, டிரைவர்கிட்ட தேதியை "இன்னிக்கு ராத்திரியா நாளைக்கு ராத்திரியா"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, 00.30 குழப்பம் அவங்களுக்கும் வரும்.